சேகோ ஆலை உரிமையாளர்களுக்கு: ஒரு சீசன் எங்கள் பிள்ளைகளை உள்ளே விடுங்கள்

சேலம், நாமக்கல் வட்டார சேகோ (ஜவ்வரிசி) ஆலை உரிமையாளர்களுக்கு வணக்கம்.

ஆத்தூர்ப் பக்கம் பிறந்து வளர்ந்தவள் நான். கிழங்கு சீசன் தொடங்கிவிட்டதைக் காலண்டர் பார்க்காமலே மூக்கு சொல்லிவிடும். அப்பா ஜவ்வரிசிக்கான குச்சிக்கிழங்கு (மரவள்ளி) போட்டுத்தான் என்னைப் படிக்க வைத்தார், உங்கள் ஆலை ஓடினால்தான் எங்கள் வீட்டில் உலை கொதிக்கும், அதனால் ஆலையை மூடச் சொல்லும் ஆள் என்று என்னை நினைத்துவிடாதீர்கள். சுற்றுச்சூழல் பொறியியலில் எம்.இ. முடித்திருக்கிறேன். எனக்குப் பின்னால் அதே படிப்புக்கு வருகிறவர்களுக்கு மாதாமாதம் உதவித்தொகை கொடுங்கள், ஒரு சீசன் முழுக்க உங்கள் கழிவுநீர்த் தொட்டிப் பக்கத்திலேயே இருந்து வேலை பழக விடுங்கள். கேட்க வந்தது இதைத்தான்.

கேட் என்ற தேசிய அளவிலான தேர்வில் தேறி எம்.இ. சேர்ந்தால், தொழில்நுட்பக் கல்விக்கான மத்திய அமைப்பான ஏஐசிடிஇ மாதம் 12,400 ரூபாய் வீதம் 24 மாதம் தருகிறது. மாநில நுழைவுத் தேர்வு (என் காலத்தில் டான்செட், 2023 முதல் சீட்டா-பிஜி) எழுதிச் சேர்ந்தால் அது கிடையாது. ஒரே வகுப்பு, ஒரே லேப், பக்கத்து பெஞ்ச், ஆனால் ஒருவருக்குப் பணம் வரும், இன்னொருவருக்கு வராது. நான் டான்செட். சாயங்காலம் டியூஷன் எடுத்துத்தான் ஹாஸ்டல் பீஸ் கட்டினேன், அப்புறம் ப்ராஜக்ட்டுக்கு அலைய நேரம் ஏது?

அப்படியும் அலைந்தேன். ஒரு ஆலைக்கு மூன்று தடவை போனேன், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலிருந்து வந்தவளோ என்று பயந்து வாசலிலேயே "போர்டு ஆளா?" என்று கேட்டார்கள். கடைசியில் ஒரு வாரம் ஆபீஸில் உட்காரவைத்து இன்டர்ன்ஷிப் சர்டிபிகேட் கொடுத்து அனுப்பினார்கள், தொட்டியைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. வேறொரு இடத்தில் இரக்கப்பட்டு ஐந்து லிட்டர் கேனில் கழிவுநீர் பிடித்துக் கொடுத்தார்கள். பிடிக்கும்போது பால் கலந்த மாதிரி வெள்ளையாக இருந்தது, வாடையும் பெரிதாக இல்லை. மத்தியான வெயிலில் பஸ்ஸில் கொண்டுவந்து லேபில் இறக்கினால் கேன் உப்பிக்கிடக்கிறது. மூடியைத் திருகியதும் புஸ்ஸென்று காற்று வந்தது, கூடவே புளித்த மாவு நாற்றம். புளிப்பை அளக்கும் பிஎச் தாளை நனைத்தேன், அமிலம் ஏறிவிட்டதைக் காட்டும் ஆரஞ்சு நிறத்துக்குப் போய்விட்டது.

அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. மாவுச்சத்து நிறைந்த தண்ணீர் சில மணி நேரத்திலேயே புளித்து ஆளே மாறிவிடுகிறது, கேனில் எடுத்துவந்து படிப்பது நேற்றைய சோற்றை வைத்து இன்றைய சமையலுக்குக் குறை சொல்வது மாதிரி. கழிவுநீரிலிருந்து எரிவாயு எடுக்கும் உங்கள் பயோகேஸ் கலத்துக்குள்ளும் இதே கதைதான். மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்களுக்கு பிஎச் 7-ஐ ஒட்டி இருக்க வேண்டும், புளித்த தண்ணீர் மொத்தமாக உள்ளே போனால் அவை வேலையை நிறுத்திவிடும், கேஸ் குறையும், நீங்கள் விறகோ கரண்டோ கூடுதலாக வாங்குவீர்கள். தினமும் காலையும் மாலையும் அளந்து எழுத அங்கே ஒரு ஆள் இருந்தால் சரிவு தொடங்கும்போதே பிடித்துவிடலாம். ஆற்றிலோ ஓடையிலோ விடும் நீரில் பிஓடி (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன் அளவு) லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், சேகோ கழிவுநீர் கிளம்புவதே ஆயிரக்கணக்கில். அந்த இடைவெளியைக் கடக்கும் வித்தையைப் பாடப்புத்தகத்தில் படித்துவிட முடியாது.

சரி, செலவு. ஏஐசிடிஇ தருவதையே நீங்களும் தருவதாக வைத்துக்கொள்வோம், ஒரு மாணவருக்கு இரண்டு வருடத்துக்கு 2,97,600 ரூபாய். பத்து ஆலைகள் சேர்ந்தால் ஆலைக்கு மாதம் 1,240. எம்.இ. நான்காம் செமஸ்டரில் ப்ராஜக்ட்தான் பிரதானம், அது வரும் மாதங்களில் உங்களிடமும் கிழங்கு அரைபட்டுக்கொண்டிருக்கும்.

சில விஷயங்களில் மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது. மாநிலத் தேர்வு எழுதி உதவித்தொகை இல்லாமல் படிக்கும் பிள்ளைகளுக்கு முதலிடம் கொடுங்கள். அளவு மோசமாக வந்தால் அதை மாற்றி எழுதச் சொல்லாதீர்கள், மோசமான நாளின் கணக்கு இருந்தால்தான் பழுது எங்கே என்று தெரியும். பெண் பிள்ளைகள் வருவார்கள், கழிப்பறையும் இருட்டுவதற்குள் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட ஒரு வண்டியும் கட்டாயம் வேண்டும். இது இல்லாமல் எத்தனையோ வீடுகளில் அனுப்பவே மாட்டார்கள், எங்கள் வீட்டிலும் யோசித்தார்கள்.

2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது எங்கள் ஊரில் சந்தோஷப்படாத ஆள் இல்லை. அந்தப் பெயருக்குள் ஓடையும் கிணறும் சேர்த்திதான் என்று நினைக்கிறேன். அடுத்த சங்கக் கூட்டத்தில் இதைப் பேச்சுக்கு எடுங்கள். முதல் பத்து ஆலைகள் கையெழுத்துப் போட்டால் போதும், கல்லூரிகளில் பேசி மாணவர்களைக் கூட்டிவரும் வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன்.