மறுகால் நீர் போகும் இடம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ரிசர்வ் வங்கி மத்திய அரசுக்கு வழங்கும் உபரித் தொகை குறித்துத் தங்கள் நாளிதழில் வெளிவந்த தலையங்கத்தை வாசித்தேன். தொகை எவ்வளவு பெரிது என்று வியந்த தலையங்கம், அது எத்தகைய பணம் என்பதை விளக்காமல் விட்டது எனக்குக் குறையாகப் பட்டது.

2021-22ஆம் கணக்காண்டுக்கு ரிசர்வ் வங்கி கொடுத்தது 30,307 கோடி ரூபாய். அடுத்த ஆண்டு 87,416 கோடி, அதற்கடுத்து 2,10,874 கோடி, 2024-25இல் 2,68,590 கோடி என மூன்றே ஆண்டுகளில் அது ஏறத்தாழ ஒன்பது மடங்காகியிருக்கிறது. கையிருப்பு டாலரை விற்பதில் வரும் லாபம், அந்நிய நாட்டுக் கடன் பத்திரங்கள் தரும் வட்டி ஆகியவற்றைப் பொறுத்து ஏறவும் இறங்கவும் கூடிய வரவு இது. எங்கள் கடற்கரையில் இதைச் சம்பளம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். மீன்பாடு, அதாவது அன்றன்று வலையில் சிக்குவது, என்றுதான் சொல்வார்கள்.

உபரி என்பது, வருங்கால இடர்களுக்கு ஒதுக்கியது போக மிஞ்சுவது. வைகை நீர் வந்து சேரும் ராமநாதபுரம் பெரிய கண்மாய் என்னும் ஏரி, மிகைநீர் வழியும் கலுங்கின் மட்டத்துக்கு நிறைந்த பிறகுதான் மறுகால் பாய்கிறது, அதாவது மிஞ்சிய நீர் வெளியேறுகிறது. ரிசர்வ் வங்கிக்கும் அப்படியொரு கலுங்கு உண்டு. இடர்களைத் தாங்கும் ஒதுக்கு நிதி, அவ்வங்கியின் மொத்தச் சொத்துமதிப்பில் 5.5 முதல் 6.5 சதவீதம் வரை இருக்கலாம் என்று முன்னாள் ஆளுநர் பிமல் ஜலான் தலைமையிலான குழு வகுத்தது. 2025 மே மாதம் அந்த வரம்பு 4.5 முதல் 7.5 என விரிவாக்கப்பட்டபோது, வங்கி உச்சமான 7.5 சதவீதத்தையே ஒதுக்கிவிட்டு மீதியைக் கொடுத்தது. கலுங்கை உயர்த்திய பின்னும் இவ்வளவு நீர் வெளியேறியிருக்கிறது என்பதால் அவ்வாண்டு முடிவில் எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. 2018-19இல் வழங்கப்பட்ட 1,76,051 கோடியில் 52,637 கோடி பழைய ஒதுக்கீட்டிலிருந்து எடுத்தது என்பதோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

என் கேள்வி மறுகால் நீர் போகும் இடத்தைப் பற்றியது. பெரிய கண்மாயில் மிஞ்சுவது கடலுக்குப் போகிறது. கலந்த பிறகு அதைப் பிரித்துக் காட்ட இயலாது. ரிசர்வ் வங்கியின் உபரியும் மத்திய அரசின் வரி அல்லாத வருவாயில் கலந்து அன்றாடச் செலவோடு சேர்ந்துவிடுகிறது. நிதிக்குழு பரிந்துரைப்படி மாநிலங்களுக்குப் பகிரப்படுவது வரி வருவாய் மட்டுமே என்பதால், இந்த உபரியில் தமிழ்நாட்டுக்கு உரிமைப் பங்கு கிடையாது. நார்வே போல் தனி நிதியம் தொடங்கலாம் என்போரும் உண்டு. எண்ணெய் வருவாயைச் சேமிக்கும் நாட்டின் வழி, ஆண்டுதோறும் கடன் வாங்கிச் செலவழிக்கும் நமக்குப் பொருந்தாது. நமக்குத் தேவை, வழக்கமான அளவுக்கு மேல் வரும் உபரியை வரவு செலவுத் திட்டத்தில் தனித்தலைப்பில் காட்டி, கடனை அடைக்கவோ ஒருமுறை செய்து முடிக்கும் பணிகளுக்கோ மட்டும் பயன்படுத்தும் விதி.

வங்கிகளின் பணத்திலும், போய்ச் சேரும் இடம் மாறும் சுற்றுவழி ஒன்று இருக்கிறது. விவசாயம், சிறுதொழில் போன்ற முன்னுரிமைத் துறைகளுக்குக் கடன் கொடுக்கும் இலக்கை எட்டாத வங்கிகள், இலக்குக்குக் குறையும் தொகையை, ஊரக வளர்ச்சிக்கான நபார்டு வங்கியிடம் வைப்பாகச் செலுத்துகின்றன. 1995-96 முதல் இயங்கும் ஊரக உள்கட்டமைப்பு மேம்பாட்டு நிதி இப்படித்தான் திரள்கிறது. மாநில அரசுகள் அதைக் கடனாகப் பெற்றுச் சாலை, பாலம், மீன் இறங்குதளம் ஆகியவற்றைக் கட்டுகின்றன. தளம் நல்லதுதான். ஆனால் வலை வாங்கவும் இயந்திரம் பழுதுபார்க்கவும் மீனவருக்கு நேரடிக் கடனாக வந்திருக்க வேண்டிய பணம், மாநிலத்தின் கடனாகத் திரும்பி வருகிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மீனவர் சேமிப்பு மற்றும் நிவாரணத் திட்டத்தில் உறுப்பினர் 1,500 ரூபாய் கட்டினால், அரசுகள் 3,000 சேர்த்து, மீன்பாடு குறைந்த மாதங்களில் 4,500 ஆகக் கொடுக்கின்றன. சங்கத்தில் அந்தத் தவணைகளை வசூலித்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்வேன்: நல்ல பாடு கிடைத்த நாளில்தான் தவணை கட்டாமலிருக்கச் சாக்கு அதிகம் வரும். உபரிக்கும் விதி வேண்டும் என்று நான் சொல்வது அதனால்தான்.

அடுத்த வரவு செலவுத் திட்டம் தாக்கலாகும்போது, உபரி எவ்வளவு வந்தது என்பதோடு எந்தத் தலைப்பில் செலவாகிறது என்பதையும் தங்கள் செய்தியாளர்கள் கேட்டு வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மீனவர் கூட்டுறவுச் சங்கச் செயலாளர்,
தேவிபட்டினம், ராமநாதபுரம் மாவட்டம்.