மஞ்சள் கடுதாசிக்கு முன்னால் ஒரு மேசை

தமிழ்நாடு மாநில சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு,

வணக்கம். மாவட்ட நீதிமன்றம் ஒன்றின் எதிரே, புங்கமரத்தடியில் மனு எழுதிப் பிழைக்கிறவன் நான். போன வாரம் ஒரு தச்சர் வந்தார். துணிப்பையிலிருந்து நான்கு தண்டல் அட்டைகள், மனைவியின் நகைக்கடன் ரசீது, மகளிர் குழுப் பாஸ்புத்தகம் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்துவிட்டுக் கேட்டார்: "மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடுமா ஐயா?"

தீராது. மஞ்சள் கடுதாசி என்பது திவால் மனு. அதற்குத் தனி ஆட்களுக்குச் சென்னைக்கு 1909, மற்ற ஊர்களுக்கு 1920 என்று இன்றும் வெள்ளைக்காரன் காலத்துத் திவால் சட்டங்கள்தான். மனுப் போட்டதும் கடன் அழிந்துவிடாது. நீதிமன்றம் திவாலானவர் என்று அறிவிக்க வேண்டும். சொத்து, அதை விற்றுக் கடன்காரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் அதிகாரியான அபிஷியல் ரிசீவர் கைக்குப் போகும். கடனிலிருந்து விடுவிக்கும் விடுவிப்பு ஆணை அதற்குப் பிறகுதான். அடகில் இருக்கும் நகையை அது மீட்டுத் தராது. அரசுப் பாக்கியும் ஜீவனாம்சமும் விடுவிப்புக்குப் பின்னும் நிற்கும். விடுவிப்பு வரும்வரை தேர்தலில் நிற்க முடியாதாம். தச்சருக்கு அந்தக் கவலை இல்லை.

2016 திவால் சட்டத்தில் ஏழைகளுக்கென்றே ஒரு வழி எழுதியிருக்கிறார்கள்: ஆண்டு வருமானம் 60,000, சொத்து 20,000, கடன் 35,000 ரூபாயைத் தாண்டாதவர்களுக்கு. கம்பெனிகளுக்கு நடைமுறைக்கு வந்துவிட்ட சட்டத்தில் இந்தப் பகுதி மட்டும் தாளிலேயே தூங்குகிறது. அது டெல்லியின் வேலை. உங்களிடம் கேட்பது வேறு.

தவணை தவறியது என்று வசூலுக்கு வந்த ஆள் தச்சரின் இழைப்புளியையும் உளிகளையும் அள்ளிக்கொண்டு போய்விட்டாராம். நீதிமன்றமே ஜப்தி செய்ய முடியாதவை கைவினைஞரின் தொழில் கருவிகள். அது தச்சருக்குத் தெரியவில்லை. 2003இலிருந்து கந்துவட்டித் தடைச் சட்டம் இருப்பதும், வங்கிக் கடனுக்கு இரவு ஏழு மணிக்கு மேல் வசூல் முகவர் போன் செய்யக்கூடாது என்பதும் தெரியாது. பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் நீங்கள் இலவசமாக வக்கீல் தருவீர்கள், 15100க்கு அழைத்தால் போதும் என்பது அவர் மனைவிக்கும் தெரியாது.

திங்கள்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் ஒரு மேசை போடுங்கள். ஒரு வக்கீல், வட்டிக் கணக்குப் போடத் தெரிந்த ஒருவர், போதும். 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பமே தீக்குளித்ததும் ஒரு திங்கள்கிழமைதான். இப்போது வாசலில் மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று பையைச் சோதிக்கிறார்கள். அதே பையில் இருக்கும் தண்டல் அட்டையைப் படிக்கவும் உள்ளே ஓர் ஆள் வேண்டும்.

தச்சர் செவ்வாய்க்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவருடைய மனுவை இன்னும் எழுதாமல் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
நீதிமன்ற வாசல் மனு எழுத்தர்