கூன் விழுவதை வயதின் தலையில் கட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கல்யாணமாகி பழைய வண்ணாரப்பேட்டைக்கு வந்த நாளிலிருந்து ரவிக்கை தைத்துப் பிழைப்பவள் நான். வயது 69. சர்க்கரை, பிரஷர், முழங்கால் வலி பற்றியெல்லாம் உங்கள் பத்திரிகையில் அடிக்கடி வருகிறது. கூன் முதுகைப் பற்றி வந்து நான் பார்த்ததில்லை. எங்கள் பக்கத்தில் அது வீட்டுக்கு வீடு இருக்கிறது. கேட்டால், "வயசாச்சு இல்ல, அப்படித்தான் இருக்கும்" என்று முடித்துவிடுகிறார்கள். நான் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

ஒருத்திக்குக் கூன் விழத் தொடங்குவது வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும் முன்பே தையல்காரிக்குத் தெரிந்துவிடும். பழைய அளவில் தைத்துக் கொடுத்தால் ரவிக்கை முதுகுப்பக்கம் மேலே ஏறிக்கொள்ளும். முன்கழுத்து தொளதொளவென்று நிற்கும். தோள் முன்னால் சரிந்திருப்பதால் கையைப் பின்பக்கம் பிடித்து இழுக்கும். "அதே அளவுதானேம்மா, ஏன் சரியா வரல?" என்று கொண்டுவந்து நீட்டுவார்கள். டேப் வைத்தால் முதுகு உயரம் கூடியிருக்கும், முன் உயரம் குறைந்திருக்கும். என் அளவு நோட்டைப் புரட்டினால் சிலருக்கு ஐம்பது வயதிலேயே இந்த மாற்றம் தொடங்கியிருப்பது தெரிகிறது. முதலில் கால் இஞ்ச், பிறகு அரை இஞ்ச், அப்புறம் ஒரு இஞ்ச். இவ்வளவு மெதுவாக வருகிற ஒன்றைப் பாதி வழியில் ஏன் தடுக்கக்கூடாது?

எங்கள் பெண்கள் செய்யும் வேலை எல்லாமே குனிந்து செய்வதுதான். எம்.சி. ரோடு கடைகளுக்குப் பாவாடை, நைட்டி தைத்துக் கொடுப்பவர்கள், காசிமேட்டில் மீன் ஆய்பவர்கள், பள்ளத்துக்குள் இறக்கி வைத்த அடிபம்பில் தண்ணீர் அடிப்பவர்கள், கட்டைத் துடைப்பத்தால் வாசல் பெருக்குபவர்கள். துடைப்பத்துக்கு நீளமாக ஒரு கம்பு கட்டினாலே முதுகுக்குப் பாதி விடுதலை. அதைக்கூட யாரும் செய்து தருவதில்லை.

வேலை மட்டும் காரணமில்லை. மாதவிலக்கு நின்ற பிறகு பெண்களுக்கு எலும்பு வேகமாக மெலிகிறது. மெலிந்த முள்ளெலும்பின் முன்பக்கம் நசுங்கினால் முதுகு முன்னால் வளையும். அதற்குக் கீழே விழவேண்டும் என்பதே இல்லை. குடம் தூக்கும்போதுகூட நசுங்கலாம். பலருக்கு வலியே தெரியாது. அதனால் இளவயது உயரத்தைவிட 4 செ.மீ. குறைந்திருந்தால் டாக்டரிடம் காட்டி முதுகை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது அவசியம். நசுங்கிய எலும்பு பழையபடி ஆகாது. ஆனால் எல்லாக் கூனும் எலும்பால் வருவதில்லை. முதுகைத் தாங்கும் தசை தளர்ந்து, மார்புத் தசை இறுகியும் வருகிறது. அது பயிற்சிக்குக் கட்டுப்படும். அறுபதைத் தாண்டியவர்களை வைத்துச் செய்த ஆய்வுகளில் முதுகு வளைவு சில டிகிரி குறைந்திருக்கிறது. சில டிகிரிதானே என்று நினைக்க வேண்டாம். கூன் கூடக் கூட நுரையீரல் விரிய இடம் குறைகிறது, தடுமாறி விழுவதும் அதிகமாகிறது.

பக்கத்து வீட்டில் வாதம் வந்து படுத்த அம்மாவுக்கு, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி செய்ய ஒரு பெண் வருவார். அவரிடம்தான் கேட்டுக் கற்றுக்கொண்டேன். குதிகால், பின்பக்கம், மேல்முதுகு மூன்றும் சுவரில் படும்படி நிற்கவேண்டும். பின்னந்தலைக்கும் சுவருக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று பார்க்கவேண்டும். எனக்கு இஞ்ச் டேப்பில் மூன்று இஞ்ச் இருந்தது. தலையைச் சுவரில் தொடவைக்க எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள், அது தப்பு. பார்வை நேராக இருக்க, முகவாயை மட்டும் பின்னால் இழுக்கவேண்டும். தோள்பட்டை எலும்பு இரண்டையும் பின்னால் ஒன்றோடொன்று நெருக்கி, மூச்சை அடக்காமல் கொஞ்ச நேரம் பிடித்து விடவேண்டும். குப்புறப் படுத்து மார்பை லேசாகத் தூக்குவது, கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுவது எல்லாம் பிறகு சொல்லிக்கொடுத்தார். இப்போது எனக்கு இடைவெளி ஒன்றரை இஞ்ச்தான். மெஷினில் உட்கார்ந்தால் சாயங்காலம் பிடரியில் பிடிக்கிற வலியும் குறைந்திருக்கிறது. மெஷினுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்தியதும், தலையணையின் உயரத்தைக் குறைத்ததும் உதவியிருக்கும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். பூங்காக்களில் வயதானவர்கள் குனிந்து கால் விரலைத் தொடும் பயிற்சி செய்வதைப் பார்க்கிறேன். எலும்பு மெலிந்தவர்களுக்கு அது ஆபத்து. முள்ளெலும்பின் முன்பக்கத்தில் சுமை ஏறி, நசுங்காததும் நசுங்கிவிடும். சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும் என்பது இதற்காகத்தான்.

முதியோர் மருத்துவத்துக்குத் தனிப் பிரிவை நாட்டிலேயே முதலில் தொடங்கியது நம் சென்னை அரசு பொது மருத்துவமனை, 1978இல். கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனையும் 2024இல் திறந்தாகிவிட்டது. நல்லது. ஆனால் எண்பது வயதுப் பாட்டி, சுவரில் சாய்ந்து நிற்கக் கற்க வண்ணாரப்பேட்டையிலிருந்து கிண்டிக்குப் போகவேண்டுமா? பக்கத்துச் சுகாதார நிலையத்துக்குப் பிரஷர் பார்க்க மாதாமாதம் போகத்தான் போகிறார். அங்கேயே உயரத்தையும் அளந்து சீட்டில் குறித்து வைக்கட்டும். வருஷா வருஷம் ஒப்பிட்டுப் பார்த்தால் போதும்.

பயிற்சியை வீட்டிலேயே செய்துகொள்ளலாமே என்பார்கள். எங்கள் சந்துகளில் ஒரே அறைதான் வீடு. கட்டில், பீரோ, தண்ணீர் டிரம், அடுக்கிய பாத்திரம் போக ஒரு ஆள் முதுகு வைத்து நிற்கக் காலிச் சுவர் கிடைப்பதில்லை. மாநகராட்சி சமுதாயக் கூடங்கள் கல்யாணம் காதுகுத்து இல்லாத நாட்களில் பூட்டித்தானே கிடக்கின்றன? வாரத்தில் இரண்டு காலை வேளை ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் மண்டலங்களில் வார்டுக்கு ஒன்றைத் திறந்துவிட்டு, ஒரு பிசியோதெரபிஸ்ட்டை அனுப்பினால் போதும். நாற்காலிகள் அங்கேயே இருக்கின்றன. மாநகராட்சி இதைச் செய்யுமா என்று உங்கள் நிருபர் கேட்டு, வரும் பதிலை வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தையல்காரம்மா,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை - 21