எனக்குன்னு ஒரு மெசேஜ் கூட இல்ல

மச்சான்,

போன வாரம் நீ போன் பண்ணப்ப நான் சரியாவே பேசல, கோச்சுக்காத. வாயத் தொறந்தா அழுதுடுவேனோன்னு பயம், அதான் எழுதிடலாம்னு உக்காந்துட்டேன். உன் முட்டி வலி எப்படி இருக்கு? ஆபரேஷனைத் தள்ளிப் போட்டுட்டே போகாத.

இங்க பசங்கல்லாம் சேந்து உன் தங்கச்சியப் பத்தி ஆளுக்குக் கொஞ்சம் ஒரு நோட்டுல எழுதறாங்க, பேரப்பிள்ளைங்க பெருசானா படிக்கட்டும்னு. என்னையும் எழுதச் சொன்னாங்க. நாலு நாளா "ரொம்ப நல்லவ"ங்கறதுக்கு மேல பேனா நகரல. 41 வருஷம் கூட இருந்தவனுக்கு இவ்ளோதான் தெரியுமான்னு எனக்கே வெக்கமா போச்சு.

மத்தவங்க எழுதுனதப் படிச்சா ஒவ்வொருத்தர்கிட்டயும் வேற வேற ஆளா இருந்திருக்கா. கணக்கு தப்பாப் போட்டா அம்மா திட்டவே மாட்டாங்க, ஒண்ணும் சொல்லாம ரப்பரை எடுத்துக் கைல குடுப்பாங்க, அதுதான் பயமா இருக்கும்னு பொண்ணு எழுதிருக்கா. பையனுக்கு வேலை போனப்ப ஆறு மாசம் செலவுக்குக் குடுத்திருக்கா, எனக்குத் தெரியாம! கோவம்லாம் வரல, லேசா பொறாமையா இருந்துச்சு. சின்னப் பேத்தி ஒரே வரிதான், "பாட்டி விளையாட்டுல தோத்துப்போற மாதிரி நடிப்பாங்க, ஆனா அவங்களுக்கு நடிக்கத் தெரியாது"ன்னு. இதுக்கு மேல நான் என்னத்த எழுத?

இன்னொண்ணு சொல்லணும். கடைசி ரெண்டு நாள் அவ கண்ணே தொறக்கல, "காது கேக்கலாம் சார், பேசிட்டே இருங்க"ன்னாங்க நர்ஸ். என்ன பேசறதுன்னு தெரியாம, கரண்ட் பில் கட்டிட்டேன், பின்பக்கக் கதவப் பூட்டிட்டேன்னு சொல்லிட்டிருந்தேன். உருப்படியா ஒரு வார்த்தை சொல்லலியேன்னு இத்தன நாளா மனசு அரிச்சிட்டே இருந்துச்சு.

பெரிய பேத்தி போன்ல அவ அனுப்புன வாய்ஸ் மெசேஜ் நிறைய இருக்கு. வாட்ஸ்அப்ல அது வந்ததே 2013லதான், அதுக்கு முந்தி பேசுனதெல்லாம் காத்தோட போச்சு, கேசட்ல புடிச்சு வைக்கணும்னு நமக்கெல்லாம் எங்க தோணுச்சு. இருக்கறதுலயும் எனக்குன்னு ஒண்ணு கூட இல்லடா. ஒரே வீட்ல இருக்கறவனுக்கு எதுக்கு அனுப்பப்போறா?

நேத்து பேத்தி ஒண்ணப் போட்டுக் காட்டுனா. ஸ்கூல் டிராமாவுல எப்படிப் பேசணும்னு இவ சொல்லிட்டே வர்றா, நடுவுல தூரத்துல என் குரல், "என் கண்ணாடி எங்க?"ன்னு. உடனே நிறுத்திட்டு, "நீங்க வச்ச எடத்துலதாங்க, பிரிட்ஜ் மேல"ன்னுட்டு, விட்ட எடத்துலேர்ந்து டிராமாவத் தொடர்றா. நாங்க ரெண்டு பேரும் எப்பவும் இப்படித்தான பேசிக்கிட்டோம், ஆஸ்பத்திரில நான் சொன்ன கரண்ட் பில்லும் அவளுக்குப் புரிஞ்சிருக்கும் போல. நோட்டுல அந்தக் கண்ணாடி கதையத்தான் எழுதிக் குடுத்துட்டேன். போன் மாத்தும்போது பேக்கப் இல்லன்னா போயிடுமாம், பையன்கிட்ட சொல்லி கம்ப்யூட்டர்லயும் ஒரு காப்பி போட்டாச்சு.

உனக்கு அவ "அண்ணே"ன்னு ஏதாவது அனுப்பியிருந்தா தேடிப் பாரு மச்சான். திட்டுனதா இருந்தாலும் பரவால்ல, அனுப்பு.