சுவர்ப் படத்தை நம்பாதே, மலர்

கொடைக்கானல்

அன்புள்ள மலருக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மா மலைப்பூண்டு ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறாள். அந்தப் பக்கம் வருகிறவர்கள் யாரிடமாவது கொடுத்துவிடுகிறோம்.

போன வாரம் கனடாவிலிருந்து போனில், "இந்த நாட்டுக்கு முன்னால நம்ம ஊரெல்லாம் ஒரு புள்ளிப்பா" என்றாய். வேலை அலுப்பில் சொல்லியிருப்பாய். ஆனாலும் எனக்கு அது மனதிலேயே நிற்கிறது.

நீ பள்ளியில் படிக்கும்போது கூடத்தில் மாட்டிய உலகப் படம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. அதில் கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரியும். நிஜத்தில் ஆப்பிரிக்காவுக்குள் 14 கிரீன்லாந்து அடங்கும். இந்தியாவே கிரீன்லாந்தைவிடப் பெரியது: நமக்குச் சுமார் 33 லட்சம் சதுர கிலோமீட்டர், அதற்கு 22 லட்சம்தான். கனடா பெரிய நாடு, மறுக்கவில்லை. கிட்டத்தட்ட ஒரு கோடி சதுர கிலோமீட்டர். ஆனால் படத்தில் அதன் பக்கத்தில் சிறுத்துப்போய்த் தெரிகிறதே ஆப்பிரிக்கா, அதற்குள் மூன்று கனடாவை வைக்கலாம்.

கமலாப் பழத்தை உரித்துத் தோலைத் தட்டையாக்கப் பார், ஓரமெல்லாம் கிழியும். கிழியாமல் பரப்ப வேண்டுமானால் இழுத்துத்தான் ஆக வேண்டும். நம் சுவர்ப் படத்தின் முறையை 1569-ல் வகுத்த வரைபடக்காரர் மெர்கேட்டர் அப்படித்தான் செய்தார். துருவத்தில் போய்ச் சேர வேண்டிய தீர்க்கரேகைகளைச் சேரவிடாமல் நேராக நிறுத்தினார்; திசை கெடாமலிருக்க மேல்வாக்கிலும் அதே அளவு இழுத்தார். அதனால் 60 டிகிரி அட்சரேகைக்குப் போனால் நீளம், அகலம் இரண்டும் இரு மடங்கு, பரப்பு நான்கு மடங்கு. கொடைக்கானல் 10 டிகிரியில் இருக்கிறது, நமக்கு ஏறக்குறைய உள்ள அளவுதான். கப்பல்காரர்களுக்கு அது அருமையான படம், திசைகாட்டியை ஒரே திசையில் பிடித்துப் போகிற வழி அதில் நேர்கோடாக விழும். நாடுகளின் அளவைப் பார்க்க அது உதவாது.

அப்புறம் ஜனத்தொகை. கனடா முழுக்கச் சேர்த்தால் 4 கோடிச் சொச்சம். தமிழ்நாட்டில் மட்டும் 2011 கணக்கெடுப்பிலேயே 7.2 கோடி.

சின்ன வயதில் உன்னைச் சூரிய ஆய்வகத்துக்குக் கூட்டிப் போனது நினைவிருக்கிறதா? திரையில் விழுந்த சூரிய பிம்பத்தில் கண்ணை இடுக்கிப் பார்த்து ஒரு கரும்புள்ளியைக் கண்டுபிடித்தாய். அந்த மாதிரிப் புள்ளிகளில் பல நம் பூமியைவிடப் பெரியவை. சூரியனின் குறுக்கே 109 பூமிகளை வரிசையாக அடுக்கலாம். புள்ளிகளிலிருந்து வாயு வெளிப்பக்கமாக ஓடுகிறது என்று 1909-ல் ஜான் எவர்ஷெட் என்ற விஞ்ஞானி கண்டுபிடித்தது இதே கொடைக்கானலில் உட்கார்ந்துதான். எனக்கு அதில் இன்றைக்கும் பெருமை உண்டு.

சரி, இனியாவுக்குப் பிறந்தநாள் வருகிறதே, ஒரு நல்ல உலக உருண்டை வாங்கிக் கொடு. ஒரு நூலை எடுத்துக் கொடைக்கானலிலிருந்து டொராண்டோ வரை அவளையே இழுத்துப் பிடிக்கச் சொல். சுவர்ப் படத்தில் கோடு போட்டால் அரேபியா, சகாரா, அட்லாண்டிக் என்று போகும். உருண்டையில் நூலை இறுக்கினால் அது வடக்கே ஏறி, ரஷ்யாவைத் தாண்டி, கிரீன்லாந்தின் மேலேயே போய் உங்கள் ஊரில் இறங்கும். சுமார் 13,500 கிலோமீட்டர் வரும். அவள் அளந்ததும் எனக்குப் போன் பண்ணச் சொல், ராத்திரியானாலும் பரவாயில்லை.

அன்புடன்,
அப்பா