பனிச்சறுக்குச் சப்பாத்தைப் பெரிதாக வாங்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஜப்பானுக்குப் பனிச்சறுக்கு விளையாடச் செல்வோருக்காக அன்பர் ஒருவர் எழுதிய குறிப்புகளைத் தங்கள் ஞாயிறு இதழின் வாசகர் பகுதியில் படித்தேன். குளிராடை, கையுறை, பயணக் காப்புறுதி பற்றி அவர் சொன்னவை பயனுள்ளவை. ஆனால், "இப்போது வரும் சப்பாத்துகளைச் சூடேற்றிக் காலுக்கேற்ப வடிவமைத்துக்கொள்ளலாம், ஆகவே ஒரு சைஸ் பெரிதாக வாங்குவதே பாதுகாப்பு" என்ற வரியை என்னால் அப்படியே விட்டுவிட முடியவில்லை. அதை நம்பிக் கடைக்குப் போகிறவருக்குப் பணமும் வீண், விடுமுறையும் வீண்.

பகாவில் என் தந்தை நடத்திய சப்பாத்துக் கடையை இப்போது நான் நடத்துகிறேன். செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுவோருக்கான ரப்பர் பூட்சும் பள்ளிச் சப்பாத்தும்தான் எங்கள் வியாபாரம். அதற்கு முன் நியூசிலாந்தின் குயின்ஸ்டவுன் நகரில், பனிச்சறுக்குக் கடை ஒன்றில் சப்பாத்து பொருத்தும் வேலை பார்த்தேன். அங்கே ஜூன் மாதம் குளிர்காலம் தொடங்கும். கொரோனெட் பீக் மலையிலிருந்து மாலையில் இறங்குகிறவர்கள் பலர் நொண்டிக்கொண்டே எங்கள் கடைக்குள் நுழைவார்கள். சப்பாத்து இறுக்கமாக இருந்து வலி கண்டவர்களைவிட, தளர்வாக இருந்து வலி கண்டவர்களே அதிகம். கால் உள்ளே வழுக்கும். அதைத் தடுக்கக் கொக்கிகளை மேலும் மேலும் இறுக்குவார்கள். இரத்த ஓட்டம் தடைப்பட்டுக் கால் மரத்துப்போகும். அப்படியும் குதிகால் நிற்காது. முன்னால் சறுக்கும் விரல்கள் சப்பாத்தின் முனையில் மோதி நகம் கறுத்துவிடும்.

இங்கேயும் அதே கதைதான். பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, இப்போது பினாங்கில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர், கொரியாவுக்குப் போய்வந்த கையோடு தம் சப்பாத்துகளைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்தார். இரண்டு கட்டைவிரல் நகங்களும் கறுத்திருந்தன. "அக்கா, கடையில் சூடேற்றித்தான் கொடுத்தார்கள். அப்படியும் ஏன் இப்படி?" என்று கேட்டார். சப்பாத்தின் உள்ளே இருக்கும் மெத்தை போன்ற உள்ளுறையை உருவி எடுத்தேன். வெறும் பிளாஸ்டிக் கூட்டுக்குள் காலை வைத்து, விரல் நுனி முன்சுவரைத் தொடும்வரை நகர்த்தச் சொன்னேன். குதிகாலுக்குப் பின்னால் இருந்த இடைவெளியில் என் மூன்று விரல்கள் சேர்ந்து நுழைந்தன. சாதாரணமாக விளையாடுகிறவர்களுக்கு அங்கே ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் போதும். போட்டியாளர்கள் அதையும் ஒரு சென்டிமீட்டருக்குக் குறைத்துக்கொள்வார்கள். தம்பியின் கால் நீளம் இருபத்தைந்தரை சென்டிமீட்டர். அவரிடம் விற்கப்பட்டது இருபத்தேழரை.

பனிச்சறுக்குச் சப்பாத்தின் சைஸ் என்பது பாத நீளத்தின் சென்டிமீட்டர் கணக்குதான். குதிகாலைச் சுவரில் ஒட்டி, முழு எடையையும் காலில் ஊன்றி நின்று, மிக நீண்ட விரலின் நுனியைத் தாளில் குறித்து அளந்தால் வீட்டிலேயே தெரிந்துவிடும். அரை சைஸ் வித்தியாசத்தையும் பெரிதாக எண்ண வேண்டாம், பெரும்பாலும் 26.0, 26.5 இரண்டுக்கும் வெளிக்கூடு ஒன்றேதான்.

அந்தத் தம்பியின் பிரச்சினை தொடங்கியது நீளத்தில் அல்ல, அகலத்தில். செருப்போடும் வெறுங்காலோடும் வளர்ந்த நம்மில் பலருக்கு முன்பாதம் விரிந்திருக்கும். குறுகிய சப்பாத்தை மாட்டியதும் விரல் மூட்டுகள் நெரியும். உடனே "இன்னும் பெரிய சைஸ் கொடுங்கள்" என்கிறோம். பிள்ளைகளுக்கு ஆண்டு முழுக்கத் தாங்கட்டும் என்று பள்ளிச் சப்பாத்தை ஒரு சைஸ் கூட்டி வாங்கிப் பழகியவர்கள் நாம். பனிச்சறுக்குச் சப்பாத்தில் அகலத்துக்குத் தனிக் கணக்கு உண்டு: 98 மில்லிமீட்டர் குறுகலானது, 100 நடுத்தரம், 102க்கு மேல் அகலமானது. இருபத்தைந்தரையிலேயே அகலமான வகையைக் கடைக்காரர் எடுத்துக் கொடுத்திருந்தால் அந்த நகங்கள் கறுக்காமல் தப்பியிருக்கும். முதல் கோணல் முற்றும் கோணல் என்பது இந்த வியாபாரத்தில் அப்பட்டமான உண்மை.

அப்படியானால் சூடேற்றுவது எதற்கு? அது நல்ல வேலை, செய்ய வேண்டிய வேலை. நாங்கள் முதலில் கணுக்கால் எலும்பு, பாதத்தின் உட்புற மேடு என்று துருத்தும் இடங்களில் சிறிய நுரைத் துண்டுகளை ஒட்டுவோம். விரல்களுக்கு மேல் ஒரு குல்லாய் மாட்டி, மெல்லிய காலுறை ஒன்றை மட்டும் அணிவிப்போம். பாதத்தின் வளைவைத் தாங்கும் உள்ளட்டையையும் முன்கூட்டியே தயார் செய்துவிடுவோம். அது இல்லாவிட்டால் எடை ஊன்றும்போது பாதம் தாழ்ந்து நீண்டுவிடும், எடுத்த அச்சும் தவறாகிவிடும். பிறகு சூடான உள்ளுறைக்குள் காலை நுழைத்து, குதிகாலைப் பின்னுக்குத் தட்டி உட்கார வைத்து, கொக்கிகளை மிதமாகப் போட்டு, முழங்காலைச் சற்று மடக்கியபடி ஏறக்குறைய பத்து நிமிடம் அசையாமல் நிற்கச் சொல்வோம். இளஞ்சூடு புறங்காலை மெல்ல அணைப்பதைப் பலரும் முகம் மலர்ந்து அனுபவிப்பார்கள். ஆறியதும் நுரைத் துண்டுகளை எடுத்துவிட்டால், எலும்பு துருத்தும் இடத்தில் அதற்கென ஒரு குழி விழுந்திருக்கும்.

எலும்பு அழுத்தும் இடத்தில் இடம் கொடுப்பதுதான் சூட்டின் வேலை. உள்ளுறையின் நுரை சூட்டில் சற்று உப்பும்; ஆனால் மூன்று விரல் வெற்றிடத்தை அது ஒருபோதும் நிரப்பாது. வெளிக்கூட்டையே சூடேற்றி வடிவமைக்கும் வகைகளை சாலமன், அட்டோமிக் போன்ற நிறுவனங்கள் தயாரிக்கின்றன. அவை எலும்புப் பகுதிகளில் சில மில்லிமீட்டர் விரிந்து கொடுக்கும். ஃபிஷர் நிறுவனத்தின் வேக்கும் முறையில் காற்றழுத்தத்தால் கூட்டைக் காலோடு ஒட்ட அழுத்துவார்கள். இவற்றில் எதுவும் சப்பாத்தின் நீளத்தைக் குறைக்காது. மேலும், நாள் செல்லச் செல்ல உள்ளுறை நசுங்கித் தளரத்தான் செய்யும். கடையில் கச்சிதமாக இருந்தால்தான் பிறகும் சரியாக இருக்கும். நிமிர்ந்து நிற்கும்போது விரல் நுனி முன்பக்கம் இலேசாகத் தொட வேண்டும். முழங்காலை முன்னால் மடக்கினால் விலக வேண்டும். இரண்டு காலுறை போட்டுக்கொள்ளும் யோசனையையும் கைவிடுங்கள். அது காலை இறுக்கிக் குளிரைத்தான் கூட்டும்.

முடி உலர்த்தும் கருவியாலோ அடுப்பிலோ வீட்டில் சூடேற்றலாமா என்று அந்தத் தம்பி கேட்டார். கூடவே கூடாது. சப்பாத்தின் முனையும் குதியும் பனிச்சறுக்குக் கட்டையின் பூட்டில் மாட்டுகின்றன. விழும்போது கால் முறியாமல் அந்தப் பூட்டு விடுபட வேண்டும். அடிப்பாகம் கொஞ்சம் கோணினாலும் அது சரியாக விடுபடாமல் போகலாம்.

2018இல் பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்கில் ஜெஃப்ரி வெப்பும், 2022இல் பெய்ஜிங்கில் அவருடன் அருவின் சலேஹுடினும் மலேசியாவுக்காகப் பனிச்சறுக்கில் இறங்கினார்கள். தோட்டத்துப் பிள்ளைகளும் இப்போது சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பனிமலை பார்க்கப் போகிறார்கள். எனக்கு அதில் எவ்வளவு மகிழ்ச்சி என்று சொல்லி முடியாது. ஆயிரக்கணக்கான வெள்ளி கொடுத்து வாங்கும் பொருள் அவர்களை முதல் நாளே அறையில் முடக்கிவிடக் கூடாது என்பதே என் கவலை. ஓரிரு நாள் மட்டும் விளையாடுகிறவர்கள் வாங்கவே வேண்டாம். அங்கேயே வாடகைக்கு எடுக்கலாம். அப்போதும் பாத நீளத்தைச் சென்டிமீட்டரில் சொல்லிக் கேளுங்கள்.

ஆண்டிறுதி விடுமுறைக்கு முன் தங்கள் பயணப் பக்கத்தில், உள்ளுறையைக் கழற்றிக் குதிகால் இடைவெளியைப் பார்க்கும் முறையைப் படத்துடன் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இந்த வட்டாரத்தில் ஏற்கெனவே சப்பாத்து வாங்கிவிட்டவர்கள் என் கடைக்கு எடுத்து வரலாம். சூடேற்றும் கருவி என்னிடம் இல்லை. ஆனால் அளவு சரியா, கடையில் திருப்பிக் கொடுக்க வேண்டுமா என்பதைப் பார்த்துச் சொல்கிறேன். அதற்குக் கட்டணம் எதுவும் இல்லை.

இப்படிக்கு,
சப்பாத்துக் கடை நடத்தும் வாசகி,
பகாவ், நெகிரி செம்பிலான்