தம்பி செந்திலுக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அத்தை வீட்டு வழக்கில் மறுபடியும் வாய்தா. அதை நேரில் பேசிக்கொள்ளலாம். போன் அடித்தால் நீ எடுப்பதில்லை, கடை நேரமாக இருக்கும். அதனால் என்ன, உன் சாப்பாட்டுக் கடையைப் பற்றி ஊரே கூகுளில் எழுதுகிறதே, அதைத் தினமும் படித்துவிடுகிறேன்.

போன மாதம் 4.5 ஸ்டார் இருந்தது, இப்போது 3.8. சொசைட்டியில் கணக்கு எழுதினவன் இல்லையா, போட்டுப் பார்த்தேன். 40 பேர் கொடுத்த 4.5-ஐப் பத்துப் பேர் ஆளுக்கு ஒரு ஸ்டார் போட்டு 3.8-க்கு இறக்கிவிடலாம். 4,000 பேர் எழுதின பெரிய ஓட்டலுக்கு அதே பத்துப் பேர் போட்டால் ஒரு புள்ளிகூட அசையாது. சின்னக் கடைக்குத்தான் இந்த அடி. உன் கைப்பக்குவத்தில் குறை இல்லை. பள்ளிபாளையம் சிக்கனைப் பற்றி ஒருவர் எழுதியிருந்ததை அம்மாவுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன்.

ஆனால் நீ பதில் போடுகிறாயே, அது நன்றாக இல்லை. குழம்பு ஆறியிருந்தது என்றவருக்கு, "ஓசியில தின்ன வந்தவனுக்கு எதுக்குச் சூடு" என்றா எழுதுவது? அந்த ஆள் வராமல் போனால் போகிறான். அடுத்து வருகிறவன் குழம்பைப் பார்க்க மாட்டான், உன் வாயைத்தான் பார்ப்பான். கல்லாவில் ஒட்டியிருக்கிற அட்டையையும் யாரோ படம் பிடித்துப் போட்டிருக்கிறார்கள்: "5 ஸ்டார் போட்டால் ஆம்லெட் இலவசம்." இலவசம் கொடுத்து ரிவ்யூ வாங்குவது கூகுளின் விதிக்கே விரோதம். கிழித்துப் போடு. பொய்யாக எழுதியிருந்தால் புகார் கொடு. உனக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் அவர்கள் எடுக்க மாட்டார்கள். எதுவானாலும் கோபத்தில் பதில் போடாதே.

யூடியூப்காரனுக்குப் பணம் கொடுத்து வீடியோ எடுக்கப் போகிறாய் என்று மாமா சொன்னார். டெல்லி மாளவியா நகரில் ஒரு பெரியவர் ரோட்டோரமாக நடத்தின சாப்பாட்டுக் கடை 'பாபா கா தாபா' நினைவிருக்கிறதா? 2020 அக்டோபரில் ஒரே வீடியோவில் கூட்டம் அலைமோதியது. டிசம்பரில் அந்தப் பெரியவர் ஒரு ரெஸ்டாரண்டே திறந்தார். பிப்ரவரியில் அதை மூடிவிட்டுப் பழைய கடைக்கே வந்துவிட்டார். வாடகையையும் ஆள் சம்பளத்தையும் வீடியோவா கொடுக்கும்?

இன்னொன்று. வழக்கமாக வருகிற ஒருவர் மூன்று ஸ்டார் போட்டு எழுதியிருக்கிறார்: "கல்லாவில் ஒரு அக்கா சிரித்த முகமாக இருப்பார், இப்போது காணோம்." எல்லோருக்கும் மல்லுக்கட்டிப் பதில் போட்டிருக்கிற நீ இதற்கு மட்டும் போடவில்லை. செல்விக்கு உடம்பு சரியில்லையோ என்னவோ. பாப்பாவுக்குப் பரீட்சையாகவும் இருக்கலாம். நான் ஒன்றும் கேட்கவில்லை. கோபத்தில் பதில் போடாதே, அவ்வளவுதான். போட்டதை அழிக்க வழி இருக்கிறதாம், அழித்துவிடு.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் கண்டக்டரிடம் முருங்கைக்காயும் இரண்டு படி கொள்ளும் கொடுத்துவிடுகிறேன். பத்து மணிக்குள் காந்திபுரம் வந்துவிடும். நீ அலைய வேண்டாம், உனக்குக் கடை இருக்கும். செல்வியைப் போய் வாங்கிக்கொள்ளச் சொல். வாங்கினதும் அவளையே அம்மாவுக்கு ஒரு போன் போடச் சொல்.

இப்படிக்கு,
அப்பா